நாகப்பட்டினத்துக் கொக்கி

ஜோசப்ராஜுக்கு இரத்தக் கொதிப்பு கிடையாது, சர்க்கரையும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே உபாதை சகலைதான்.

நீடாமங்கலம் இரயில்வே கேட்டைத் தாண்டி மன்னார்குடிச் சாலையில் சிறிது தூரம் போனால் வலப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. ‘அருள்மதி லைட் சர்வீஸ்’ என்று மகளின் பெயரில் பலகை தொங்கும். அதுதான் ஜோசப்ராஜின் கடை, கிடங்கு, பட்டறை எல்லாம். அப்பா சூசை பண்ணையில் மடை திறந்து அடைத்தே காலம் தள்ளியவர். மகன் கோயில் திருவிழாக்களில் வயர் பிடித்துத் தொழில் கற்றுக்கொண்டார். மூடிப்போன ஒரு ரைஸ் மில்லிலிருந்து ஜெனரேட்டரை வாங்கி, தானே இரும்பு வெட்டி ஒட்டி அதை நாலு சக்கரத்தில் ஏற்றினார். அதை இழுக்க ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், தேர்பவனி எதுவானாலும் ஜோசப்ராஜின் ஜெனரேட்டர் போய் நின்றால் நின்ற இடத்தில் வெளிச்சம் இருக்கும். நடுவில் அணைந்தது என்று ஒரு பந்தல்காரரும் சொன்னதில்லை.

அக்னஸைக் கட்டிய புதிதில் மாமனார் வீட்டில் அவர்தான் மூத்த மாப்பிள்ளை, ஒரே மாப்பிள்ளை. கூடத்தில் இருந்த ஒற்றை மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்கு நாற்காலி போடுவார்கள். பிறகு அக்னஸின் தங்கை ஜூலியட்டுக்குக் குழந்தைராஜ் மாப்பிள்ளையாக வந்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மாமனார் இன்னொரு மின்விசிறி வாங்கினார். அதை மாட்டிக் கொடுத்தவரே ஜோசப்ராஜ்தான். மாட்டி முடித்து இறங்கிப் பார்த்தால், புது விசிறி தன் விசிறியைவிட வேகமாகச் சுற்றுவதுபோல் அவருக்குத் தோன்றியது. அன்று தொடங்கியது.

குழந்தைராஜ் கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் எளிதாக முடிந்திருக்கும். கதிர் அறுக்கும் மிஷின் இரண்டு வைத்து வாடகைக்கு விட்டார். சம்பாதித்தார். “அண்ணே, அண்ணே” என்று வாய் நிறையக் கூப்பிட்டார். ஏழு பேர் உட்காரும் வெள்ளை எஸ்.யூ.வி. ஒன்று வாங்கி, சொந்தத்தில் யாருக்கு என்ன விசேஷம் என்றாலும் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அக்னஸும் அருள்மதியும் அதில் ஏறிக்கொள்வார்கள். ஜீப்பின் பின்பக்கம் முழுக்கக் கேபிளும் டீசல் கேனும். அதில் பட்டுச் சேலையோடு யார் ஏறுவார்? வேளாங்கண்ணிக்கானாலும் தஞ்சாவூர்க் கல்யாணத்துக்கானாலும் வெள்ளை வண்டி முன்னால் போக, ஜோசப்ராஜின் ஜீப் ஜெனரேட்டரோடு பின்னால் குலுங்கிக்கொண்டு வரும். மனைவியும் மகளும் சிரித்துப் பேசிக்கொண்டு போவதை அந்த வண்டியின் பின்கண்ணாடி வழியாகவே அவர் பல வருஷம் பார்த்திருக்கிறார். சத்தம் கேட்காது, தலை அசைவது மட்டும் தெரியும். எதற்குச் சிரித்தார்கள் என்று வீடு வந்து கேட்டால் அக்னஸுக்கு மறந்திருக்கும்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஜெனரேட்டரையும் இழுக்கும் ஒரே வண்டி. அதில் அக்னஸ் முன்சீட்டில் உட்கார வேண்டும், ஜூலியட் வீட்டார் அதைப் பார்க்க வேண்டும்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது குழந்தைராஜ் அவரைக் கோயில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

“அண்ணே, ஜூலி முட்டி வலிக்குது, இந்த வண்டில ஏற முடியலங்குது. பேட்டரி கார் சின்னதா ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். இத நீங்க எடுத்துக்கங்களேன். வெளியாளுக்குக் குடுக்க மனசில்ல.”

ஜோசப்ராஜ் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். சகலை உட்கார்ந்து தேய்த்த சீட். சகலையின் மனைவிக்கு முட்டி வலிக்கிறது என்பதால் கழித்துவிடும் வண்டி. இதில் அக்னஸை உட்காரவைத்தால் ஊர் என்ன சொல்லும்? குழந்தைராஜ் வண்டியில் ஜோசப்ராஜ் போகிறார் என்றுதானே?

“நமக்கு இழுவைக்குன்னே வேற வண்டி பாத்து வச்சிருக்கேன் தம்பி” என்றார். அதுவரை எதையும் பார்த்திருக்கவில்லை.

“சரிண்ணே. எதுக்கும் ஒருதடவ பின்னாடி வந்து பாத்துட்டு…”

“வேணாம் தம்பி.”

மெக்கானிக் கலந்தரும் அதையே சொன்னார். அதிராம்பட்டினத்துக்காரர், நீடாமங்கலத்தில் பட்டறை வைத்து ஜீப்பையும் வெள்ளை வண்டியையும் அவர்தான் பார்த்துவருகிறார். “அலையாதீங்கண்ணே. உங்க சகலை வண்டியையே எடுத்துக்கங்க. அடி அவ்ளோ சுத்தம், சோறு போட்டுத் திங்கலாம்.” அதைக் கேட்டதிலிருந்து, வண்டி பார்க்கப் போகும்போது கலந்தரைக் கூட்டிப்போவதில்லை என்று ஜோசப்ராஜ் முடிவு செய்துகொண்டார்.

நாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குப் பக்கம் ஒரு தரகர் வண்டி காட்டினார். அதே கம்பெனி, அதே மாடல், அதே வெள்ளை. சகலை வண்டியில் அவர் பார்த்திராத ஒன்றும் இதில் இருந்தது: பின்னால் கட்டைவிரல் தடிமனில் ஒரு இழுவைக் கொக்கி. வண்டியின் அடிச்சட்டமான சேஸில் வைத்துப் பற்றவைத்து, கறுப்புப் பெயிண்ட் புதிதாக அடித்திருந்தது. ஜோசப்ராஜ் கொக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“போட்டு இழுத்துக்கிட்டிருந்த வண்டிங்க” என்றார் தரகர். “பழகின மாடு மாதிரி. புதுசா நீங்க ஒண்ணும் கத்துக்குடுக்க வேணாம்.”

அந்த வார்த்தையில் ஜோசப்ராஜ் விழுந்தார். விலை பேசி முடித்ததும் வண்டியை நேரே வேளாங்கண்ணிக்கு விட்டார். சாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஜோசப்ராஜ் வண்டிக்கு மாலை போட்டு, முன்னால் நின்று படம் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போட்டார். முதல் ஆளாகக் கைகூப்பி வாழ்த்தியவர் குழந்தைராஜ். ஜோசப்ராஜுக்குச் சந்தோஷத்தில் பாதி அங்கேயே போயிற்று. சகலை கொஞ்சம் தாமதமாக வாழ்த்தியிருக்கலாம்.

மறுநாள் கலந்தர் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் சேஸைத் தட்டினார். கறுப்புப் பெயிண்ட் அப்பளமாக உதிர்ந்தது. உள்ளே செங்கல் நிறம்.

“இத எங்கண்ணே எடுத்தீங்க?”

“நாகப்பட்டினம்.”

“கொக்கியோடயா?”

“அதுக்காகத்தான எடுத்தேன்.”

கலந்தர் வெளியே வந்து கையைத் துடைத்தார். “நம்ம பக்கம் கொக்கி போட்டா அது டிராலி இழுக்க. அங்க கொக்கி போட்டா படகு இழுக்கண்ணே. டிரெய்லர தண்ணிக்குள்ள விட்டாத்தான் படகு ஏறும். வண்டியும் பின்னாலயே போயி பின்னங்கால் ரெண்டையும் கடல்ல வச்சுக்கிட்டு நிக்கும். உப்பு தின்ன சேஸுண்ணே இது. ஆளுங்க ஏறிப் போங்க, ஒண்ணும் ஆவாது. இழுக்க மட்டும் வேணாம். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கணும். அதவிட, திருப்பிக் குடுத்துடுங்க. கேட்டா வாங்கிப்பாங்க.”

“மந்திரிச்சிட்டனே பாய்.”

“மேல தீர்த்தம் தெளிச்சாங்க, சரி. கீழ சமுத்திரமே தெளிச்சிருக்கே.”

ஜோசப்ராஜ் சிரிக்கவில்லை. மந்திரித்த வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் மாதாவின் காலடியில் வைத்ததைத் திரும்ப எடுத்ததாகும். அவர் வீட்டில் அப்படி யாரும் செய்ததில்லை. அதைவிடப் பெரிய காரணம் அந்த மாலை போட்ட படம். தகடு வைக்கப் பட்டறையில் விடலாம் என்றால், ஊர்க் கோயில் திருவிழா வந்துவிட்டது. தேருக்குப் பின்னால் இந்த வண்டி போகாவிட்டால் இதை எடுத்ததற்கே அர்த்தமில்லை.

“ஒரு தெருவு, ஒரு கரை. அவ்ளோதான பாய். திருவிழா முடிஞ்சதும் விடறேன்.”

கலந்தர் ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் போட்டு மூடினார்.

திருவிழாவன்று மாலைப் பூசை முடிந்து இருட்டத் தொடங்கியது. அடைக்கல மாதாவின் தேர் முன்னால். அதற்குப் பின்னால் ஜோசப்ராஜின் வெள்ளை வண்டி. வண்டியின் கொக்கியில் ஜெனரேட்டர். ஜெனரேட்டரிலிருந்து புறப்பட்ட கேபிள் வண்டிக்கு மேலாகப் போய்த் தேரில் சேர்ந்திருந்தது. அக்னஸ் மாம்பழ நிறப் பட்டில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நர்சிங் படிக்கும் அருள்மதி விடுதியிலிருந்து வந்து பின்சீட்டில். கோயில் வளைவுக்குப் பக்கத்தில் ஜூலியட்டும் குழந்தைராஜும் நின்றார்கள். வண்டி அவர்களைக் கடக்கும்போது ஜோசப்ராஜ் இன்னும் மெதுவாக்கினார்.

“அத்தான், வண்டி ஜம்முன்னு இருக்கு” என்றாள் ஜூலியட்.

“ஏறிக்க ஜூலி, எடமிருக்கு” என்றார் ஜோசப்ராஜ். எத்தனையோ வருஷமாக இந்த வாக்கியத்தை எதிர்த் திசையிலிருந்து கேட்டவர் அவர்.

“முட்டி வலிக்குதே அத்தான்.”

தெரு முடிந்து வெண்ணாற்றுக் கரைக்கு ஏறும் சரிவு வந்தது. தேரை இழுப்பவர்கள் மரியே வாழ்க என்று ஒரே மூச்சில் ஏற்றிவிட்டார்கள். ஜோசப்ராஜ் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பின்னால் ஏதோ பழைய கோணிப்பை கிழிவதுபோல் ஒரு சத்தம். வண்டி திடீரென்று லேசாகி முன்னால் பாய்ந்தது. கொக்கி, அதைப் பற்றியிருந்த சேஸின் துண்டோடு, ஜெனரேட்டரின் மூக்கில் தொங்கியது. ஆட்கள் ஓடிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள். இழுபட்ட கேபிள் தேரிலிருந்து பிடுங்கிக்கொண்டது. மாதா இருட்டில் நின்றாள்.

ஜோசப்ராஜ் இறங்கிப் பின்பக்கம் போனார். யாரும் திட்டவில்லை. “செல்போன் லைட்டயாவது அடிங்கப்பா” என்று ஒருவர் சொன்னார். அதற்கு நாலைந்து பேர் சிரித்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு குழந்தைராஜின் வண்டி பின்னோக்கி வந்தது. அதன் பின்பக்கத்தில் டார்ச் வெளிச்சம் பட்டபோது ஜோசப்ராஜ் கண்டார்: பளபளவென்று ஒரு கொக்கி.

“இது எப்ப போட்டது?”

குழந்தைராஜ் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். “கலந்தர் பாய்ட்ட சொல்லித் தவக்காலத்துலயே போட்டண்ணே. நீங்க எடுத்துப்பீங்கன்னு. அன்னைக்குப் பின்னாடி வந்து பாருங்கன்னனே.”

ஜோசப்ராஜின் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஜெனரேட்டரை இதில் மாட்டினார்கள். குழந்தைராஜ் சாவியை நீட்டினார். “நீங்களே ஓட்டுங்கண்ணே. நான் இழுத்ததில்ல, கவுத்துருவேன்.”

மறுக்க வழியில்லை. அக்னஸ் வந்து முன்சீட்டில் ஏறினாள். அருள்மதி சித்தப்பா வண்டியில் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். ஜோசப்ராஜ் கிளட்ச்சை விட்டார். வண்டி சரிவில் ஏறியது. பின்னால் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து உறுதி செய்ய வேண்டியிருந்தது. பாரம் அவ்வளவு தெரியவில்லை. கரைமேல் கேபிளைச் சேர்த்ததும் தேரில் விளக்குகள் எரிந்தன. கரை நெடுக நின்ற சனம் வண்டிக்குள் பார்த்தது. பட்டுச் சேலையில் அக்னஸ், முன்சீட்டில், அவருக்குப் பக்கத்தில். அவர் நினைத்து நினைத்து வைத்திருந்த காட்சி ஒன்றுகூடக் குறையாமல் நடந்துகொண்டிருந்தது.

“இந்த வண்டிய யாருக்குப் பேசியிருக்காராம்?” என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“மன்னார்குடிக்காரர் யாரோ அட்வான்ஸ் குடுத்துட்டாராம். கொக்கி இருக்குன்னுதான் எடுத்தாராம்” என்றாள் அருள்மதி பின்னாலிருந்து. “திங்கக்கெழம வந்து எடுத்துக்கிறாராம்பா.”

பவனி கோயிலுக்குத் திரும்பியதும் ஜோசப்ராஜ் சாவியைக் கொடுத்தார்.

“எப்படிண்ணே இருந்துச்சு?”

“பரவால்ல. கிளட்ச் கொஞ்சம் அடிக்குது தம்பி.”

“அப்படியா? நல்லவேள சொன்னீங்க. வாங்குறவர்ட்ட மறைக்கக் கூடாது. பாய்ட்ட காட்டிட்டே குடுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, குழந்தைராஜ் ஜூலியட்டைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினார்.

ஜோசப்ராஜ் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அக்னஸ் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கிளட்ச் அடிச்சிச்சா?”

“ம்.”

“எனக்குத் தெரியலையே.”

“ஓட்டுறவனுக்குத்தான் தெரியும்.”

“எத்தன வருஷமா அந்த வண்டில போறேன்” என்றாள் அக்னஸ். “நீங்க ஒருத்தர் ஓட்டினப்பதான் அடிச்சிருக்கு.” சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கேபிளின் மறுமுனையைத் தூக்கிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஜோசப்ராஜ் தன் வண்டியைக் கலந்தர் பட்டறைக்கு ஓட்டிப்போகும்போது இரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயிலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவருக்கு நேர் முன்னால் குழந்தைராஜ் விற்ற அந்த வெள்ளை வண்டி நின்றது. பின்கண்ணாடி வழியாக முன்பின் தெரியாத தலைகள். ஒரு பெண் முன்சீட்டிலிருந்து திரும்பி ஏதோ சொல்ல, பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொக்கிமேல் யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கேட் திறந்த பிறகும் ஜோசப்ராஜ் நகரவில்லை. பின்னால் இருந்த பஸ் ஹாரன் அடித்தது.

பட்டறையில் கலந்தர் குனிந்து கிழிந்த சேஸைப் பார்த்துவிட்டு, “பாதிய வெட்டணும்ணே. பத்து நாளாவது ஆவும். ரெண்டு பக்கமும்…” என்று தொடங்கினார்.

“அத நீங்க பாத்துச் செய்யுங்க பாய்” என்றார் ஜோசப்ராஜ். “அந்த மன்னார்குடிக்காரரு யாரு? என்ன தொழில் பண்றாரு?”