பெரியப்பாவின் மகள்

நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவை இத்தாலிய வழக்கப்படி சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை, கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சிசிலித் தீவின் மொண்டெல்லோவில் அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் நானும் மட்டும்தான். உப்புக்கும் புளிக்கும் சண்டை பிடித்துக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தோம். ஒருநாள் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"அமெரிக்காவில என்ர ஆக்கள் ஆரும் மிச்சம் இருக்கினமோ எண்டு தேடிப் பார். கண்ணை மூட முதல் ஒரு சொந்தத்தோட கதைக்க வேணும்."

அவருடைய தகப்பன் வீட்டார் பக்கத்து ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் பிடித்தவர்கள். தகப்பனின் அண்ணன் மட்டும் இளவயதில் கப்பலேறி, அமெரிக்காவின் நடுவில், சோளக்காட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத ஏதோ ஒரு கவுண்டியில் போய் இறங்கினாராம். கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் போல ஒன்று. கடற்கரையில் பிறந்த மனிதர் அங்கே போய் என்னத்தைப் பிடித்தாரோ! இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஒரேயொரு தடவை, தாயைப் பார்க்கத் தனியாக வந்து போயிருக்கிறார். அடுத்த வருடம் சிஞ்ஞோரா பிறந்தார். பிறகு தொடர்பு அறுந்துபோயிற்று.

சிஞ்ஞோராவுக்கு ஆங்கிலம் வராது. எனக்கு மன்னாரில் கன்னியாஸ்திரிகள் அடித்துப் படிப்பித்த ஆங்கிலம் இருந்தது. அந்தக் கவுண்டியின் நூலகத்துக்கு எழுதினேன். பழைய பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் பதில் போட்டார். தங்கமான மனுசி. சிஞ்ஞோராவின் பெரியப்பா கல்யாணம் செய்த கோயில், தக்காளி பயிரிட்ட நிலம் எல்லாவற்றையும் தேடிப் பிடித்தார். புல்லை விலக்கிக் கல்லறையையும் படம் எடுத்து அனுப்பினார். கடைசியில் ஒரு செய்தி வந்தது. பெரியப்பாவுக்கு ஒரே மகள், எண்பது தாண்டியவர், இன்னும் அதே கவுண்டியில் உயிரோடு இருக்கிறார்.

சிஞ்ஞோரா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

நூலகக்காரர்கள் இணையத்தில் குடும்ப மரங்கள், அதாவது வம்சாவளிப் படங்கள், வைத்திருந்தார்கள். சிஞ்ஞோராவையும் அதில் சேர்த்துவிடுங்கள், அந்த அம்மாவுக்குக் காட்டுகிறேன் என்று அந்தப் பெண் எழுதினார். நான் உட்கார்ந்தேன். பெரியப்பாவின் மகள் யார்? அக்கா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்த அம்மாவின் பெயரில் தட்டி, 'சகோதரியைச் சேர்' என்ற இடத்தில் சிஞ்ஞோராவின் பெயரைப் போட்டேன். கம்ப்யூட்டர் தன்பாட்டில் ஒரு கோடு இழுத்தது. அது எங்கே போய் முடிகிறது என்று நான் பார்க்கவில்லை.

அதன்பிறகு அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. சிஞ்ஞோரா காலையில் கோப்பி குடிக்க முதலே "வந்திட்டுதோ?" என்று கேட்பார். இல்லை என்றால் கோப்பி அப்படியே ஆறும். பிறகு நூலகப் பெண் தயங்கித் தயங்கி எழுதினார். அந்த அம்மா உடைந்துபோயிருக்கிறாராம். ஊருக்குத் தனியாகப் போன அப்பாவுக்கு அடுத்த வருடம் சிசிலியில் ஒரு மகள் பிறந்ததை இந்த வயதில் அறிய வேண்டியிருக்கிறதே என்றாராம்.

மரத்தைத் திறந்து பார்த்தேன். சிஞ்ஞோரா பெரியப்பாவுக்குக் கீழே மகளாகத் தொங்கிக்கொண்டிருந்தார். நான் மாதாவைக் கும்பிடும் வேதக்காரிதான், என்றாலும் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று அன்றைக்குச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

விஷயத்தைச் சொன்னதும் சிஞ்ஞோரா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ர அம்மா கேட்டா குழியை விட்டு எழும்பி வருவா!" பிறகு சிரிப்பு நின்றது. "இருந்தது ஒரேயொரு ஆள். அவவும் இனிக் கதைக்க மாட்டா."

"எங்கட ஊரில பெரியப்பான்ர மகள் அக்காதான்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. "உங்கட கம்ப்யூட்டருக்கு முறை தெரியாட்டி நான் என்ன செய்ய?"

கோட்டை மாற்றிப் போட்டு, நடந்ததை விளக்கி அன்றே எழுதினேன். கோபம் கோபம்தான், ஆனால் அன்றிரவு செபமாலை சொல்லும்போது மனம் அதில்தான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. திரையில் வெள்ளை முடி, சிஞ்ஞோராவின் அதே மூக்கு. அந்த அம்மா வணக்கம் கூடச் சொல்லவில்லை. "அப்ப இவ என்ர தங்கச்சி இல்லையோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் தொடர்ந்தார். முதலில் அப்பாவின் படத்தைச் சுவரில் இருந்து கழற்றி வைத்தாராம். கோபம் ஆறியபிறகு, தனிப்பிள்ளையாய் வளர்ந்த தனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம். "இப்ப இல்லையெண்டு வந்து சொல்லுறியள்" என்றார்.

நான் சிஞ்ஞோராவுக்கு இத்தாலியனில் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்கட ஊர் முறையில நான் அவவுக்கு என்ன?"

"தங்கச்சி."

"அப்ப அதையே சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரைக்குக் கிட்ட வந்து சிஞ்ஞோராவை மேலும் கீழும் பார்த்தார்.

"மெலிஞ்சு கிடக்கிறா. பின்னால யன்னல் திறந்து கிடக்கு, குளிர்காத்து அடிக்கும். பூட்டச் சொல்லு."

மூன்று வருடமாக நான் சொல்லி ஒரு யன்னலும் பூட்டாத சிஞ்ஞோரா எழுந்து போய்ப் பூட்டிவிட்டு வந்தார்.