என்னைக் கேளாமல் உயர்த்திய கார்

எங்கள் வீட்டுக் கார் ஒரு பழைய மொறிஸ் மைனர். அதை வாங்கும்போது நான் எஞ்சினையும் பார்க்கவில்லை, பெயின்ரையும் பார்க்கவில்லை. ஏறி இருந்து பார்த்தேன், அவ்வளவுதான். என் இடது கால் தொடைக்குக் கீழே செயற்கைக் கால். சீற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே இருந்து, நல்ல காலை உள்ளே எடுத்து, மற்றதைக் கையால் தூக்கி வைக்க வேண்டும். வான் வண்டிகள் எனக்கு உயரம். புதுக் கார்கள் சில நிலத்தோடு தாழ்ந்து மிகவும் பதிவு. இந்தக் கிழட்டுக் கார் மட்டும் என் இடுப்புக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. அன்றிலிருந்து ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கணிதம் படிப்பிக்கப் போவதும் வருவதும் அதில்தான். கணவர் ஓட்டுவார். ஏறுவதும் இறங்குவதும் என் பாடு.

கனடாவிலிருந்து கணவரின் தம்பி லீவில் வந்தார். வந்த மூன்றாம் நாளே காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "என்னண்ணை, நிலத்தோட கிடக்கு. பெரிய சில்லுப் போட்டால் எடுப்பா நிக்கும்" என்றார். சும்மா கதை என்று நினைத்து நான் குசினிக்குள் போய்விட்டேன். அது என் பிழை.

பள்ளிக்கூட விடுமுறை. வியாழக்கிழமை இருவரும் காரைக் கராஜில் விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை கணவர் அதை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. அகலமான ரயர்கள், மினுங்கும் ரிம்கள், கதவுப் படி எங்கேயோ மேலே. நாலு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காயும் உடைத்தாயிற்று. அயல் சனம் முற்றத்துக்கே வந்துவிட்டது.

"வீட்டுக்காரிதான் முதல்ல ஏறவேணும். வாங்கோ மச்சாள்!" என்றார் தம்பி.

போய் முதுகைக் காட்டி நின்றேன். சீற்று எட்டவில்லை. ஒருமுறை எம்பினேன். இரண்டாம் முறை சறுக்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி என்னைத் தூக்கி, நெல்லு மூட்டையை லொறியில் ஏற்றுவதுபோல உள்ளே வைத்தார். சனம் சிரித்துக் கைதட்டியது. யாரோ படமும் எடுத்தார்கள்.

கடைசியாக என்னை ஒருவர் தூக்கியது போரின் கடைசி மாதங்களில், கால் போன அன்று, ஒரு உழவு இயந்திரப் பெட்டிக்குள். அதற்குப் பிறகு ஒருவரையும் தூக்க விட்டதில்லை, பெற்ற தாயைக்கூட. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தம்பியில் வந்த கோபத்தைவிட, ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிய கணவரில் வந்த கோபம் பெரிது. தம்பிக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். கார் பார்க்கப் போன அன்று நான் ஏறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் இவர்தான்.

தம்பியும் பின்னால் ஏறிக்கொண்டார். எலுமிச்சம்பழங்களை நசித்துக்கொண்டு கார் நேராகப் போனது. வாசல் படலையில் திருப்பியதும், மூன்று பேரின் பாரத்தில், முன் ரயர் மட்காட்டில் உராய்ந்து கத்தியது. கார் நின்றது.

"பெரிய பிரச்சினையில்லை" என்றார் தம்பி. "மட்காட்டில கொஞ்சம் வெட்டிவிட்டால் சரி."

"ரயர் கொள்ளேல்லையெண்டு மட்காட்டை வெட்டப் போறீர். நான் ஏறேலாதெண்டதுக்கு எதை வெட்டப் போறீர், மற்றக் காலையோ?"

கணவர் இறங்கி என் பக்கத்துக் கதவைத் திறந்து கை நீட்டினார். "இறங்கும். பிறகு கதைப்பம்."

காலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பெருவிரல்தான் நிலத்தில் முட்டியது. "என்னை ஒருத்தரும் தூக்கி இறக்கத் தேவையில்லை. பழைய சில்லைப் பூட்டுங்கோ, இறங்கிறன்."

"சனம் பாக்குது."

"பாக்கட்டும். தூக்கேக்கையும் பாத்ததுதானே."

படலையை மறித்தபடி கார் நின்றது, நான் அதற்குள் இருந்தேன். வெயில் ஏறியது. தம்பி தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வாங்கிக் குடித்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. உச்சிப் பொழுதுக்குக் கராஜ்காரர் பழைய சில்லுகளை ஓட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஜக் அடிச்சுக் காரைத் தூக்கேக்க ஆள் உள்ளுக்க இருக்கக்கூடாது. இறங்குங்கோ."

"இறங்கேலுமெண்டால் உங்களை ஏன் கூப்பிடுறம்?"

மனுசன் தலையைச் சொறிந்துவிட்டு, மறுபக்கச் சில்லுகளுக்குக் கல்லு அணை கொடுத்து வேலையைத் தொடங்கினார். கார் ஒரு மூலை ஏறும், கழற்றுவார், பூட்டுவார், மெல்லப் பதியும். நாலாவது சில்லு பதிந்தபோது என் உள்ளங்கால் முழுவதும் மண்ணில் இருந்தது. கணவர் மறுபடியும் கையை நீட்டினார். "கையை எடுங்கோ" என்றேன். எழுந்து நின்றேன்.

தம்பி மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு படலையில் நின்றார்.

"தம்பி, குசினியில எலுமிச்சம்பழம் கிடக்கு. நாலு எடுத்துவந்து வையும்" என்றேன்.

அவர் கொண்டுவந்து ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் குனிந்து வைத்தார். நான் சீற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, நானே ஏறி இருந்தேன்.