தோர்க்கில் வாய் திறக்காத நாள்

எஸ்பியர் துறைமுக நகரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிப்பது என் வேலை. தோர்க்கிலுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. புண்ணைக் கழுவிக் கட்டுப்போடத் தினமும் போவேன். மனைவி எப்போதோ பிரிந்து போய்விட்டாள். அவன் நல்ல பலசாலி. பன்றி அறுக்கும் தொழிற்சாலையில் இருந்துவிட்டுக் கடல் காற்றாலைக்குப் போனவன். நடந்ததைக் கட்டுப்போடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான்.

முன்பெல்லாம் காற்றாலைகள் கரையிலிருந்தே தெரியும். காலையில் போய் மாலையில் திரும்புவார்கள். இப்போது கண்ணுக்கெட்டாத தூரத்தில் நட்டிருக்கிறார்கள். வாரக்கணக்கில் கப்பலிலேயே தங்கல். அங்கே அலையும் பெரிது. சிறு படகின் மூக்கைக் காற்றாலைத் தூணோடு அழுத்திப் பிடிப்பார்கள். அலையில் படகு உச்சிக்கு எழும் கணத்தில் தூணிலுள்ள ஏணிக்குத் தாவ வேண்டும். ஒருவன் "இன்னிக்கு வேணாம்" என்றால் படகு எல்லோரோடும் திரும்பிவிடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அது கம்பெனி விதி.

எங்கள் ஊர் வழக்கம் வேறு. வேலையில் சொதப்பியவன் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். தோர்க்கிலின் குழுவில் "வேணாம்" என்பதும் சொதப்பலில் சேர்ந்துவிட்டது.

தோர்க்கில் இரண்டு முறை அப்படிச் சொன்னான். இரண்டு முறையும் கப்பல் சமையலறையில் நின்று கேக் சுட்டான். இரண்டாவது கேக்கின் நடுவில் குழுத்தலைவன் அங்கர் குழந்தைகள் வாயில் வைத்துச் சூப்பும் ஒரு நிப்பிளைக் குத்தி வைத்தான்.

"அடுத்தவாட்டி ஆப்பிள் போட்டுச் சுடுடா. ஒனக்குத்தான் கை பழகிருச்சே."

"விடுப்பா, பாவம். அலையப் பாத்தாலே அவனுக்கு அம்மா ஞாபகம் வந்துருது" என்றான் கூட வேலை செய்யும் யெப்பே.

மறுநாள் அலை கோணலாக வந்தது. தோர்க்கில் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. தாவினான். படகு சறுக்கி இறங்கி மறுபடி எழுந்தபோது, அதற்கும் ஏணிக்கும் நடுவில் அவன் கால் இருந்தது.

நான் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, விபத்தை விசாரிக்க ஒரு பெண் அதிகாரி அவன் வீட்டுக்கே வந்தாள். அங்கரும் யெப்பேயும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். வியாழன்தோறும் வருவார்கள்; அவனைப் பார்க்க வேறு நாதியில்லை.

"தாவலேன்னா கேலி பண்ணுவாங்கன்னு பயந்தீங்களா?" என்று அவள் கேட்டாள்.

தோர்க்கில் அங்கரைப் பார்த்தான். "யாரும் ஒண்ணும் சொல்லலே. என் தப்புதான்."

அவள் போனதும் அங்கர் அவன் தோளைத் தட்டினான். "நீதாண்டா ஆம்பளை."

அவர்களும் போன பிறகு நான் கேட்டேன். "ஏன் பொய் சொன்னே? நாளைக்கு இன்னொருத்தன் காலும் இப்படித்தான் போகும்."

"உண்மையச் சொல்லியிருந்தா வியாழக்கிழமை யாரு சிஸ்டர் வருவா?"

விதியில் குறையில்லை, தவறு அவனுடையது என்று விசாரணை முடிந்தது. அந்த வியாழன் என்னைக் காபி போட்டு மூன்று கோப்பை வைக்கச் சொன்னான். யாரும் வரவில்லை. அடுத்த வியாழனும் அப்படியே.

"கடல்ல இருப்பாங்க" என்றான்.

அன்று காலையில்தான் அங்கரைத் துறைமுகக் கடையில் பார்த்தேன், மீன் வாங்கிக்கொண்டிருந்தான். அதைச் சொன்னேன். தோர்க்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆறிப்போன காபியைக் கொட்டிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன்.