எருமைக்கு இறக்கை தைத்தவள்

ராத்திரியில் கொல்லைப்பக்கம் படபடவென்று சத்தம் கேட்டால் உங்கள் வீட்டில் அது திருடனாக இருக்கலாம்; எங்கள் வீட்டில், சாயம் காயப் போட்ட எருமை இறக்கை. சினிமாவுக்குத் துணி தைக்கிற பிழைப்பு அப்படி. தையல் மிஷினோடு மாரடிக்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

அளவு

சேலத்து ஸ்டூடியோ ஒன்றில் என் வீட்டுக்காரர் படுதா வரைகிறார். இப்போது எடுக்கும் படத்தில், உயிரைக் கொண்டுபோக வந்த எமனையே ஒரு சிற்பி உட்காரவைத்துச் சிலை செதுக்குகிறான். வேலை முடியும்வரை எமனுடைய எருமை ஆகாயத்தில் சுற்றுகிறது. அதற்கு இறக்கை தைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் எனக்குப் பூவேலை கற்றுக்கொடுத்தார்கள். எருமைக்கு அளவெடுக்க அல்ல. கடா கிடைக்காமல் பால் எருமையைப் பிடித்து வந்திருந்தார்கள். நான் பயந்து பயந்து நாடாவை நீட்ட, அதன் சொந்தக்காரர் கவலையாகக் கேட்டார்: "ஏனுங்க, இவ பறந்துட்டா சாயங்காலம் பாலுக்கு நான் எங்கீங்க போவேன்?"

அர்த்தம்

அடுத்தது 'காலம்' என்றொரு பாத்திரம். கை மட்டும் ஏகப்பட்டது, தலை கிடையாது. கழுத்தில்லாத சட்டையை எங்கே ஆரம்பிப்பது? இதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தால் துணியாவது பொருத்தமாக எடுப்பேன் என்று டைரக்டரிடம் போய் நின்றேன். வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "அர்த்தம் தெரிஞ்சிருந்தா நான் எதுக்குங்கம்மா இத்தனை துணி வாங்கறேன்?"

பாடை

சிற்பி சாகிற காட்சியன்று, பாடையைப் பார்த்ததும் அந்த வேஷக்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. முகத்தை மூடித்தானே எடுக்கிறோம் என்று என் வீட்டுக்காரரைப் படுக்க வைத்தார்கள். பிணமாகப் படுத்தவர் எழுந்து காமிராவைப் பார்த்து ஒருதரம் சிரிக்க வேண்டும், அதையும் பிடித்தால்தான் தோஷம் கழியும் என்பது ஸ்டூடியோ வழக்கம். யுத்தகாலத்துப் பிலிமைச் சிரிப்புக்குச் செலவழிக்க முடியாது என்று டைரக்டர் மறுத்துவிட்டார். இவரும் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

சகுனம் பார்ப்பது பாவம் என்று படித்தவள்தான் நான். ஆனால் இடுப்பில் பல் முளைக்காத பிள்ளை. ஒப்பாரி வைக்கச் சேந்தமங்கலத்திலிருந்து வந்திருந்த அம்மாள் வேறு என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அவரு சிரிக்காம ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிராத சாமி."

சிரிப்பு

பிள்ளையோடு காமிராவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். நகரவில்லை. டைரக்டர் தலையில் கை வைத்தார். காமிராக்காரர்தான் மனமிரங்கி, இவரை மறுபடி பாடையில் படுக்கவைத்து எழுப்பி, காமிராவை ஓடவிட்டார். இவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அதைப் பார்த்துப் பிள்ளையும் சிரித்தது. புறப்படும்போது எனக்கு ஒரு சந்தேகம். உள்ளே பிலிம் இருந்ததா என்று காமிராக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். அவரும் மெதுவாகவே சொன்னார்: "இருந்துச்சா இல்லியான்னு எமனுக்கு எப்படீங்க தெரியும்?"

பாடையிலிருந்து எழுந்து வந்தவர் குறட்டை விட, பிள்ளை அவர் பக்கத்தில் தூங்க, இறக்கை வெளியே தன்பாட்டுக்குப் படபடக்க, காமிராவில் பிலிம் இருந்ததாகவே வைத்துக்கொண்டு நான் ஒருவழியாக உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.