ஆளுக்கொரு வெர்ஷன்

வைட்ஃபீல்டில் ஒரு வீடியோ கேம் கடை. அங்கே விற்பனையில் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசை. எந்தப் பெட்டியை எடுத்தாலும் சட்டை நுனியால் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பார்.

நான் கேட்ட கேம் ‘மலை’, ‘கடல்’ என்று இரண்டு வெர்ஷன்களாக வந்திருந்தது. மிருகங்களைப் பிடித்துச் சேர்க்கிற கதை, இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் கிடைக்கிற சில மிருகங்கள் மற்றதில் கிடைக்காது.

“ஒரே கேமை ரெண்டாக்கி விக்கிறது ஏமாத்து வேலை இல்லையா?” என்றேன்.

“ரெண்டு பேரு ஆளுக்கொண்ணு வாங்கி, மிருகங்கள மாத்திக்கினா நியாயம் சார். ஒருத்தரே ரெண்டும் வாங்கினா ஏமாத்துதான். உங்க ஃப்ரெண்ட் எது வச்சிருக்காரு?”

பெங்களூர் வந்து எட்டு மாதமாகியும் அப்படி யாரும் இல்லை என்றேன்.

அவர் மலையைத் துடைத்து என்னிடம் நீட்டினார். “அப்ப இத எடுத்துக்கோங்க. என்கிட்ட கடல் இருக்குது. புதன்கிழமை சாயங்காலம் கூட்டம் இருக்காது, வாங்க. மாத்திக்கலாம்.”

போனேன். அவர் கடலைத் திறந்து காட்டினார். ஆடிய நேரம் நாற்பது நிமிடம் என்று திரை ஓரத்தில் இருந்தது. மாற்றிக்கொள்ள அவரிடம் ஒரே ஒரு மிருகம்தான் இருந்தது.

“இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன் சார்,” என்றார்.

அதன்பின் எத்தனையோ புதன்கிழமைகள் போனேன். அந்தக் கடலை அவர் எப்போது வாங்கினார் என்று மட்டும் நான் கேட்கவேயில்லை.