சித்தப்பா தின்ற சாணிக் காளான்

பிள்ளைகளா, நேற்று தோட்டத்தில் காய்ந்த மாட்டுச் சாணத்தின் மேல் பழுப்பு நிறத்தில் குட்டிக் குடைகளாக நின்றதைப் பறித்துக் குழம்பு வைக்கலாமா என்று கேட்டீர்கள். தொடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில், இடி இடித்து மழை பெய்த மறுநாள் எல்லாரும் புற்றுக்காளான் தேடிப் போவார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. என் கண்ணில் ஒரு புற்றும் படவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், கண்மாய்க்கரைப் புல்லிலும் சாணத்திலும் நூல் போன்ற காலோடு முளைத்திருந்த பழுப்புக் காளானைச் சட்டை நிறையப் பறித்து வந்தேன். அம்மா பார்த்ததும் குப்பையில் கொட்டப் போனாள். நான் தரையில் புரண்டு அழுதேன்.

சமாதானம் பேச வந்தவர் அப்பாவின் தம்பி. சாப்பாட்டுக்குப் பேர்போன சித்தப்பா. காளானோடு பூண்டைப் போட்டு வேகவைத்து, பூண்டு கறுக்காவிட்டால் நல்ல காளான் என்பது எங்கள் ஊர்ச் சோதனை. அது சுத்தத் தப்பு என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? சித்தப்பா சொல்ல, அம்மா அப்படியே அடுப்பில் ஏற்றினாள்; பூண்டு வெள்ளையாகவே வெந்தது. நானும் தங்கையும் தட்டோடு உட்கார்ந்தோம். சித்தப்பா சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஏலே, இம்புட்டு வெஞ்சனம் எனக்கே பத்தாது. பொழுது சாயட்டும், மிச்சமிருந்தா தாரேன்.”

எப்போதும் அவரைக் கேலி பேசும் அம்மா, அன்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இரண்டு வாய் தின்றதும், “தம்பி, போதும், வைங்க” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா சிரிக்கத் தொடங்கினார். கோழியைப் பார்த்துச் சிரித்தார். தன் விரல்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். பிறகு வாந்தி எடுத்தார், கண் செருகியது. அப்பா அவரை வண்டியில் ஏற்றித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அம்மா மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்தாள்.

மறுநாள் வெளுத்துப்போய்த் திரும்பியவரிடம், என் காளானால்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன்.

“உன் காளான் நல்ல காளான்தான்டா அப்பு. நான்தான் ருசி கண்டு அளவுமீறித் தின்னுட்டேன்.”

அப்படியே நம்பினேன். அதன்பின் வெகுநாள், அவர் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தால், என் பங்கையும் தின்றுவிடுவாரோ என்று தட்டைத் தள்ளி வைத்துக்கொள்வேன்.

இன்று மதியம் உங்கள் ஆசைக்காகக் கடையில் பாக்கெட் காளான் வாங்கி வறுத்தேன். பயப்பட ஒன்றுமில்லாத சரக்குதான். ஆனாலும் உங்களைக் கூப்பிடும் முன், அடுப்படியில் தனியாக நின்று ஒரு கரண்டி தின்றுவிட்டு, காத்திருந்தேன்.