வெள்ளிக்கிழமை கழுவிய கூடு

அரியாலையில் என் பக்கத்து வீட்டில் இருப்பவர் அருந்ததி. வயது ஐம்பத்தெட்டு. பால்காரர் அவர் கண்முன்னால்தான் பாலை அளக்க வேண்டும். மீனின் செவுளைத் தானே விரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். அப்படிப்பட்டவரிடம், ஜேர்மனிக்குப் போன, மகள் முறையான பெறாமகள் ஆரணி தன் செல்ல எலியான ஹாம்ஸ்ரரை விட்டுச் சென்றாள். அது அவரை நம்பவில்லை. மூன்று கிழமையாகச் சூரியகாந்தி விதையோடு கையை நீட்டியபடி இருந்தும் பயனில்லை.

"உங்கடை கண்தான் அண்ணை. நீங்கள் எட்டிப் பார்த்தால் உது ஒளிக்குது," என்றார். "மாசக் கடைசி ஞாயிறுக்குள்ளை கைக்கு வராட்டில் ஆருக்காவது குடுத்துடுவன்."

பழி என்மேல் விழுந்ததால், அது வெளியே வந்த நேரங்களை இரண்டு கிழமை ஒரு கொப்பியில் குறித்தேன். வியாழன் வரை நாளுக்கு நாள் கையை நெருங்கியது. வெள்ளியும் சனியும் தலைகூடக் காட்டவில்லை. வெள்ளிதோறும் வீடு கழுவும்போது அவர் கூட்டையும் மஞ்சள் தண்ணீரால் கழுவி, மரத்தூளை முழுவதும் மாற்றிவிடுவார். தன் மணம் போய்விடுவதால், அது வேற்றிடத்துக்கு வந்ததுபோலப் பயந்தது.

கொப்பியைக் காட்டினேன்.

"உதை நீங்கள்தானே எழுதினியள். நான் எப்பிடி நம்புறது?" என்றார். ஆனாலும் அடுத்த வெள்ளி கூட்டைக் கழுவவில்லை.

கடைசி ஞாயிறு பின்னேரம் அது அவர் உள்ளங்கையில் ஏறியிருந்து விதையை உடைத்துத் தின்றது. அருந்ததி கையை அசைக்காமல் மெல்லச் சொன்னார்:

"ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன் அண்ணை. உதைக் கொப்பியிலை எழுதிப்போடாதேங்கோ. கண்ணூறு படும்."